ஐயத்தின் கண்ணியம்: இப்னுல் ஹைஸமின் ஒரு நூல்

நம் மேடைகளில் இப்னுல் ஹைஸமின் பெயர் ஒலிக்காத நாளில்லை. ஒளியியலின் தந்தை என்று போற்றுகிறோம். எனினும், அவருடைய 'அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்' என்னும் நூலைப் புரட்டிப் பார்த்தோர் நம்மில் மிகச் சிலரே. 1971-இல் கெய்ரோவில் பதிப்பிக்கப்பெற்ற இவ்வரபு நூல், அறிவுலகம் எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆதாரமாகக் கொண்டிருந்த தாலமியின் மூன்று நூல்களிலுள்ள முரண்பாடுகளை வரிசைப்படுத்துகிறது.

முகவுரையிலேயே ஆசிரியர் தம் அளவுகோலை வகுத்துவிடுகிறார். அறிஞர்கள் தவற்றினின்றும் காக்கப்பட்டவர்களல்லர். முன்னோரை அப்படியே நம்புபவனல்லன், சான்றைத் தேடுபவனே உண்மையை நாடுபவன். அவன் பிறரை ஆராயும்போது தன்னையும் ஐயுறவேண்டும். இந்த இறுதி நிபந்தனையே நூலின் உயிர். தன்னை விலக்கிவிட்டுப் பிறரை மட்டும் ஐயுறுவது செருக்கின் மறுவடிவமேயன்றி வேறில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. கோள்களின் இயக்கம் சீரான வட்ட இயக்கம் என்பது தாலமி ஏற்ற கொள்கை. ஆனால், கணிப்பு காட்சியோடு பொருந்தவேண்டி, வட்டத்தின் மையமல்லாத வேறொரு புள்ளியைக் கொண்டே அச்சீர்மையை அவர் அளந்தார். கணக்கு பொருந்தியது, கொள்கை முறிந்தது. பயன் தருகிறது என்பதற்காக முரண்பாட்டை ஏற்க இப்னுல் ஹைஸம் மறுத்தார். பதினான்காம் நூற்றாண்டில் திமஷ்கின் இப்னுஷ் ஷாதிர் அப்புள்ளியைத் தவிர்த்தே கோள் அமைப்புகளை வகுத்தார்.

நூலில் குறையும் உண்டு. ஐயங்களை அடுக்கும் ஆசிரியர் மாற்று அமைப்பை இதில் தரவில்லை. பூமி அசையாது நடுவில் நிற்கிறது என்பதை ஐயுறவுமில்லை. 'கிதாபுல் மனாழிர்' என்னும் தம் பெருநூலில், பார்வையுணர்வு கண்ணின் வில்லையில் தோன்றுவதாகக் கருதினார். பிம்பம் விழுமிடம் விழித்திரையே என்று 1604-இல் கெப்ளர் விளக்கினார். அவர் வகுத்த அளவுகோல் அவரையும் அளந்தது. இதனால் அவர் மதிப்புக் குன்றவில்லை. அவர் சொன்னது மெய்ப்பட்டது.

வருந்தத்தக்கது நம் நிலையே. எவரையும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக்காதீர் என்றவரை, நம் பெருமைக்குச் சான்றிதழாக்கிக் கேள்விக்கு அப்பால் நிறுத்திவிட்டோம். நம் இமாம்கள் சான்றுகளை அலசித் தீர்ப்பு வரைந்த பின்னரும் 'வல்லாஹு அஃலம்' என்றே முடித்தனர். அது தயக்கத்தின் சொல்லன்று. அடுத்து வரும் ஆய்வாளனுக்காகத் திறந்து வைத்த வாயில். அவ்வாயிலைப் பெருமையால் அடைக்காதிருப்பதே இந்நூலுக்கு நாம் செய்யும் மரியாதை.