காலப் பயண நகைச்சுவை: எள்ளலின் இரு திசைகள்

நகைச்சுவைக்கு நிலைக்களமாவன நான்கு எனத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துள்ளார். அவற்றுள் முதற்கண் வைக்கப்பட்டது எள்ளல். அதற்கு உரைகண்ட பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என அதனை இரு கூறாக்கிக் காட்டுவார். முன்னது எவர்க்கும் எளிது. பின்னது பண்பட்ட உள்ளத்தார்க்கே இயல்வது. காலத்தைக் கடந்து செல்லும் மாந்தரைப் பற்றிய நகைச்சுவைப் படங்களை மதிப்பிடுதற்கு இப்பாகுபாடு சிறந்ததோர் உரைகல்லாகும். நிகழ்காலத்தார் இறந்த காலத்தைக் கண்டு நகுவது மட்டும் போதுமா, இறந்த காலத்தார் நம்மைக் கண்டு நகுதற்கும் இடமளித்தல் வேண்டுமா என்பதே ஈண்டு ஆராயப்படும் வினா.

இவ்வகைப் படங்களுள் உலகறிந்த ஒன்று, 1993ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் வெளிவந்த 'லே விசித்தேர்' என்பது. 'வருகையாளர்' என்பது இப்பெயரின் பொருள். ழான் மாரி புவாரே இயக்கிய இப்படத்தை அந்நாட்டிற் படமாளிகைகளிற் கண்டோர் தொகை ஒரு கோடியே 30 இலட்சத்துக்கு மேற்பட்டது. கதை 1123இல் தொடங்குகிறது. சூனியக்காரியொருத்தியின் மருந்தால் மதிமயங்கிய கோத்ஃப்ருவா என்னும் வீரன், தான் மணக்கவிருந்த பெண்ணின் தந்தையையே அம்பெய்து கொன்றுவிடுகிறான். அக்கொலைக்கு முந்திய கணத்துக்கு மீள விரும்பி மந்திரவாதியொருவனை நாடுகிறான். கிழவனோ மருந்திற் சேர்க்கவேண்டிய பொருளொன்றை மறந்துவிடுகிறான். அதனால் வீரனும் அவன் பணியாள் ழாக்கூயும் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து விழுகின்றனர்.

பின் நிகழ்வனவற்றுட் பல எவரும் எதிர்பார்க்கக் கூடியனவே. மஞ்சள் நிறத் தபால் ஊர்தியைப் பேயின் தேரெனக் கருதி இருவரும் தாக்குகின்றனர். மலகூடத்து நீரில் முகங் கழுவுகின்றனர். பணியாளின் செயல் பேதைமையின்பாற் படும். வீரனின் செயலோ தொல்காப்பியர் மடன் என்று கூறியதற்கு இலக்கியமாகும். தான் கற்ற ஒழுக்கத்தை உலகம் மாறிய பின்னும் கைவிடாது பற்றி நிற்பவன் அவன். இவ்வளவோடு நின்றிருப்பின் இப்படம் முன்னோரை எள்ளும் வெறுங் கூத்தாய் முடிந்திருக்கும்.

ஆயின், படத்தின் சிறப்பு அடுத்த படியிலேயே உளது. வீரன் தன் கோட்டையைத் தேடிச் செல்கிறான். அது செல்வர் தங்கும் விடுதியாகிவிட்டது. அதன் உடைமையாளன் அவனுடைய பணியாளின் வழித்தோன்றல். அவ்வுடைமையாளனோ தன் குடியின் பழம்பெயர் நகைப்புக்கிடமானது எனக் கருதி அதனை மாற்றிக்கொண்ட மரபினன். முன்னோன் எதிரே வந்து நிற்கையில் அவனது நாணம் வெளிப்படுகிறது. அழுக்கேறிய ழாக்கூயைக் கண்டு நகுந்தோறும், தூய்மையும் பகட்டும் கொண்ட அவன் பேரனைக் கண்டும் நகுகிறோம். முடிவில் ழாக்கூய் தன் பழைய அடிமை வாழ்வுக்குத் திரும்ப மனமின்றித் தன் வழித்தோன்றலையே அங்கு அனுப்பிவிடுகிறான். 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் பயனை நீண்ட சொற்பொழிவின்றி இச்செயல் உணர்த்திவிடுகிறது. இங்கே எள்ளல் இரு திசையும் செல்லுதல் காண்க.

இத்தகைய படத்தை வீட்டிலிருந்து காண்பதற்கும் படமாளிகையிற் காண்பதற்கும் வேறுபாடுண்டு. இலங்கையில் 1979இல் தொலைக்காட்சி தொடங்கியது. 1982இல் ரூபவாகினி வந்தது. அதன் பின்னர் ஒளிநாடாவும், குறுவட்டும், டிவிடி என்னும் இறுவட்டும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லங்களிற் புகுந்தன. வீட்டுத் திரையில் காண்போன் தானே காலப் பயணி ஆகின்றான். விரும்பிய காட்சிக்குப் பின்சென்று மீண்டும் காண்கிறான். ஒருமுறை கேட்டதும் தீர்ந்துபோகும் நகைச்சுவை இச்சோதனையில் தோற்கும். தன்னையே எள்ளிய நகைச்சுவை மறுமுறை காண்கையிலேதான் முழுதும் விளங்கும். மேற்கூறிய விடுதிக் காட்சி இதற்குச் சான்று.

எனினும் இல்லத்துக்கு வரும் வட்டுக்கும் எல்லையுண்டு. உலகை வலயங்களாகப் பிரித்த வணிக ஏற்பாட்டில் பிரான்சு 2ஆம் வலயத்திலும் இலங்கை 5ஆம் வலயத்திலும் அடங்கின. எண்ணூறு ஆண்டைத் தாண்டிய வீரன், தன் வட்டின் வலயத்தைத் தாண்ட இயலாது நின்றான். வலயத்தைக் கடந்தாலும் மொழி எஞ்சி நிற்கும். டிவிடி ஒன்றிலே 8 ஒலித்தடங்களும் 32 எழுத்துத் தடங்களும் அமையலாம். அத்தனை இடமிருந்தும், பழம் பிரெஞ்சு போல் ஒலிக்கும் வீரனின் பேச்சும் இன்றைய பாரிசு நகரப் பேச்சும் மோதும் நயத்தைத் திரையடியில் ஓடும் ஆங்கில வரி தாங்குவதில்லை. தமிழில் அதனைப் பெயர்ப்பதாயின் வீரனுக்குச் செந்தமிழும் ஏனையோர்க்குப் பேச்சுத் தமிழும் தருதல் வேண்டும். இருவகை வழக்கும் இன்றுவரை உயிரோடுள்ள தமிழுக்கு இது அரிய செயலன்று.

இனி, நம்மவர் படங்களை நோக்குவோம். 1991இல் சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் இயக்கிய 'ஆதித்யா 369', தமிழில் 'அபூர்வ சக்தி 369' எனக் குரல் மாற்றம் பெற்றது. அதில் இக்காலத்தார் 1526ஆம் ஆண்டின் விசயநகரத்துக்கும் பின்னர் 2504ஆம் ஆண்டுக்கும் செல்கின்றனர். அரசவை வியப்புக்கும் வணக்கத்துக்கும் உரியதாகவே நிற்கிறது. கிருட்டிணதேவராயர் நம் தெருவுக்கு வந்து நம்மை வினவுவதில்லை.

2015இல் ஆர். இரவிக்குமார் இயக்கிய 'இன்று நேற்று நாளை' தமிழுக்குப் பெருமை தரும் முயற்சி. 2065இலிருந்து வந்த பொறியொன்று, வேலையற்ற இளைஞன் ஒருவனுக்கும் அவன் நண்பனாகிய சோதிடனுக்கும் கிடைக்கிறது. காலத்தையே வெல்லும் பொறியைக் கொண்டு அவர்கள், காணாமற்போன பொருள்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துக் காசு சேர்க்கின்றனர். பேராற்றலைச் சிறு பிழைப்புக்குப் பயன்படுத்தும் நம் இயல்பை எள்ளும் இப்பகுதி உயர்ந்த நகைச்சுவையே. அவர்தம் குறுக்கீட்டால், இறந்திருக்கவேண்டிய கொடியவனொருவன் உயிர் தப்புவதும், அதன் விளைவுகள் பின்னிச் செல்வதும் மீண்டும் காணத் தக்கவாறு அமைந்துள்ளன. ஆயினும் இப்படத்தின் இறந்த காலம் அண்மைக் காலம். அங்கும் மாந்தர் நம்மைப்போலவே பேசுவர், நம்மைப்போலவே எண்ணுவர். ஆதலின் நம்மை வினவத் தக்க முன்னோன் எவனும் அதில் இல்லை.

இஃது ஏன்? தமிழ்த் திரையில் முன்னோர் பெரும்பாலும் போற்றுதற்குரியராய்ப் பீடத்தில் அமர்த்தப்பட்டவர்கள். பீடத்திலிருப்போர் இறங்கி வந்து வினா எழுப்புவதில்லை. 2006இல் சிம்புதேவன் இயக்கத்தில் வடிவேலு நடித்த 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி', அரசவைச் செந்தமிழும் நகை விளைக்கும் எனக் காட்டிற்று. அவ்வழியே ஒரு படி மேற்சென்று, அம்மொழி பேசுவோன் ஒருவனை நம் தெருவுக்கு அழைத்து வருவோர் வேண்டும்.

சிலாபத்தை எண்ணிப் பார்க்க. அண்மையிலுள்ள முன்னேசுவரத் திருக்கோயிலைப் போர்த்துக்கேயர் 1578இல் இடித்தனர். அதற்கு முன்னர் அங்கு வழிபட்ட அடியவனொருவன் இன்று வந்தானாயின், பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்திசிறி இராசசிங்கன் ஆதரவில் மீண்டெழுந்த கோயிலைக் கண்டு மகிழ்வான். கடற்கரைக்குச் சென்று வலையுலர்த்துவோரிடம் தன் மொழியில் வழி வினவுவான். வடக்கே உடப்பில் உடனே மறுமொழி கிடைக்கும். தெற்கே நீர்கொழும்பு நோக்கிச் செல்லச் செல்ல, பல இல்லங்களில் அவன் வினாவைப் பாட்டி உணர்வாள், பேரன் உணரான். பள்ளியின் மொழி மாற, வீட்டின் மொழியும் ஒரு சில தலைமுறைகளில் சிங்களமாயிற்று. அப்பேரன் சிங்களத்தை நன்கு பேசுவது குறையன்று. பாட்டியின் பேச்சு அவனுக்கு நகைப்பாய்த் தோன்றுவதே எண்ணத் தக்கது. பழம்பெயருக்கு நாணிய விடுதி உடைமையாளனை நினைவிற் கொண்டவர், அந்நகை எத்திசை செல்வதென உணர்வர்.

முன்னோரை எள்ளுவோர்க்கு அவர்தம் எள்ளலைத் தாங்கும் கடனும் உண்டு. பிரெஞ்சுப் படம் அக்கடனைச் செலுத்திற்று. தமிழ்ப் படமோ, பொறியைச் செவ்வனே இயக்கக் கற்றுக்கொண்டு, அதிற் பயணம் செய்ய முன்னோனை இன்னும் அழைக்காதிருக்கின்றது. அவன் வருநாளில் அவன் வினாவை விளங்கிக்கொள்ளும் செவி இக்கரையில் எஞ்சியிருத்தல் வேண்டும். அன்றேல் அந்நகைச்சுவைக்கும் அடியில் வேற்றுமொழி வரிகள் தேவைப்படும்.