அவர் வேண்டாம் என்று வைத்தவை

'பில்லி ஜீன்' பாட்டுக்கு ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 முறை ஒலிக்கலவை செய்தார். கடைசியில் தேர்வானது இரண்டாவது கலவை. மற்ற 90உம் வீண் உழைப்பா என்றால், இல்லை. அவற்றையும் கேட்ட பிறகுதான் இரண்டாவதன் அருமை புரிந்தது.

மைக்கேல் ஜாக்சனின் திறமையைக் குரலிலும் காலிலுமே தேடிப் பழகிவிட்டோம். கழித்துக்கட்டுவதிலும் அவர் கெட்டிக்காரர். 1982இல் 'திரில்லர்' முடிந்து மாதிரித் தட்டைப் போட்டுக் கேட்டபோது, ஒரு பக்கத்தில் அளவுக்கு மீறித் திணித்ததால் ஒலி மெலிந்து கிடந்தது. ஜாக்சன் அழுதேவிட்டாராம். பிறகு தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸும் அவரும் பாட்டுகளைச் சுருக்கி, ஒவ்வொன்றையும் புதிதாகக் கலக்க வைத்தார்கள். 1987இல் வந்த 'பேட்' ஆல்பத்துக்கு அவர் எழுதியவை சுமார் 60 பாட்டுகள். மூன்று தட்டுகளாக விட அவருக்கு ஆசை. ஒன்று போதும் என்றார் ஜோன்ஸ்.

2009 ஜூன் 25 அன்று ஐம்பது வயதில் அவர் இறந்ததும், வேண்டாம் என்று வைத்தவை எல்லாம் அலமாரியைவிட்டு வெளியே வரத் தொடங்கின.

இறந்தவரின் குரலை வெளியிடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். அந்த ஆண்டே வந்த 'திஸ் இஸ் இட்' தொகுப்பில் 'பீட் இட்' பாட்டின் முன்வரைவு இருக்கிறது. வாத்தியமே இல்லை, அவர் குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். ஸ்வரக் குறிப்பு எழுதத் தெரியாதவர் முழு இசையையும் வாயாலேயே கட்டிக் காட்டிய விதம் அதில் தெரிகிறது. அதே பெயரில் வந்த ஒத்திகைப் படத்தில், ஓரிடத்தில் இசையை இன்னும் கொஞ்சம் ஊறவிடச் சொல்லிக் கேட்கிறார். லண்டனில் நடக்காமலே போன 50 நிகழ்ச்சிகளுக்கான ஒத்திகை அது. தொண்டையைக் காப்பாற்ற வேண்டும் என்று குரலை அடக்கியே பாடுகிறார். பட்டறையைப் பார்க்கிறோம் என்று தெரிந்தே பார்க்கிறோம். அதில் ஏமாற்று ஏதும் இல்லை. பணக் கணக்கையும் தள்ளிவிட முடியாது. மலையளவு கடனோடு போனவர் அவர். தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள்.

கோளாறு அடுத்த ஆண்டு வந்தது. 2010 டிசம்பரில் வெளியான 'மைக்கேல்' ஆல்பத்தின் மூன்று பாட்டுகளில் ஒலிப்பது அவர் குரலே இல்லை என்று உடன்பிறந்தவர்களே சொன்னார்கள். அவர் குரல்தான் என்றது சோனி. ஒரு ரசிகை வழக்குப் போட, அது கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2022இல் இணையச் சேவைகளிலிருந்து மூன்றும் நீக்கப்பட்டன. குரல் யாருடையது என்ற கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று விளக்கம் வேறு. உலகில் அதிகம் கேட்கப்பட்ட குரல்களில் ஒன்று அது. அதையே அடையாளம் சொல்ல முடியாமல் பன்னிரண்டு ஆண்டு இழுபறி! 'இது என் பாட்டில்லை' என்று ஒரே வார்த்தையில் முடிக்க வேண்டியவர் இல்லாததுதான் காரணம்.

2014இல் வந்த 'எக்ஸ்கேப்' சூடு கண்டு திருந்திய வேலை. எட்டே பாட்டுகள். டிம்பலேண்ட் முதலியோர் புதிய தாளம் போட்டார்கள். சிறப்புப் பதிப்பில் பழைய பதிவுகளையும் அப்படியே சேர்த்தார்கள். எது அவர் செய்தது, எது பிறர் ஒட்டியது என்று கேட்பவர் தாமே பிரித்துப் பார்க்கலாம். இந்த வழக்கத்தில் நான் முழு மனதோடு ஏற்பது இந்த ஒன்றைத்தான். ஆனால் அதே மாதம் லாஸ் வேகாஸ் விருது மேடையில் ஒளியுருவமாக அவரை ஆடவிட்டார்கள். அரங்கம் ஆர்ப்பரித்தது. எனக்கு அது பொம்மலாட்டமாகத்தான் பட்டது. ஒரு அசைவுக்காக நாள்கணக்கில் கண்ணாடிமுன் நின்றவரின் உடம்பை, அவர் பார்த்து ஒப்புக்கொள்ளாத அசைவுகளுக்கு ஆட்டுவித்தார்கள்.

தேர்வு செய்யும் அதிகாரம் கைமாறினால் வரலாறும் கைமாறும். 2022இல் பிராட்வேக்கு வந்த 'எம்ஜே' இசை நாடகத்தின் கதை 1992இல் நின்றுவிடுகிறது. சிறுவர்மீதான பாலியல் அத்துமீறல் புகார் முதலில் வெளியானது 1993இல். 2005 வழக்கில் அவர் விடுதலையானார். 2019இல் 'லீவிங் நெவர்லேண்ட்' ஆவணப்படத்தில் இருவர் மீண்டும் குற்றம்சாட்டினார்கள். சொத்து நிர்வாகிகள் மறுத்தார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் முடிவு. நாடகத்துக்கு 1992ஐத் தேர்ந்தவர்களுக்கு நாள்காட்டி பார்க்கத் தெரியும் என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது இது நம் வீட்டுத் திண்ணைக்கும் வந்துவிட்டது. 2024இல் 'லால் சலாம்' படத்தின் 'திமிரி எழுடா' பாட்டில் மறைந்த பம்பா பாக்கியா, சாகுல் ஹமீது குரல்களைச் செயற்கை நுண்ணறிவால் வரவழைத்தார் ஏ.ஆர். ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்றதாகவும் சன்மானம் கொடுத்ததாகவும் சொன்னார். நேர்மையான நடைமுறைதான். என்றாலும் ஜாக்சன் விஷயத்தில் அவர் பாடி ஒதுக்கியவையாவது இருந்தன. இங்கே பாடகர் பாடவே இல்லை. மறுக்கும் உரிமையைப் பிள்ளைகள் வாரிசாகப் பெறலாம். பாடகரின் காதை எப்படிப் பெறுவார்கள்?

'எக்ஸ்கேப்' சிறப்புப் பதிப்பில் 'லவ் நெவர் ஃபெல்ட் சோ குட்' மூன்று விதமாக இருக்கிறது. ஜஸ்டின் டிம்பர்லேக் சேர்ந்து பாடிய வடிவம் பில்போர்டு பட்டியலில் 9ஆம் இடம்வரை ஏறியது. 1983இல் பால் ஆங்காவின் பியானோவோடு பதிவான வடிவத்தில் ஜாக்சனின் விரல் சொடுக்குகூடக் கேட்கும். நான் போட்டுக் கேட்பது அதைத்தான். அவர் வெளியிடாமல் வைத்திருந்ததும் அதைத்தான்.