திருத்தமும் உரிமையும்: நிரல்மொழிப் பராமரிப்பு வெளியீடுகள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

நிரல்மொழி ஒன்றின் பராமரிப்பு வெளியீட்டுடன் வரும் மாற்றக் குறிப்பினை இலக்கிய விமர்சனத்துக்குரிய பனுவலாகக் கொள்ளலாமா என்று நம்மிற் சிலர் ஐயுறக்கூடும். மனிதர் கூடிச் செய்யும் உழைப்பு எழுத்திற் பதிவாகும் இடமெல்லாம் விமர்சனத்துக்கு வேலையுண்டு என்பதே நமது நிலைப்பாடு. அதிலும் இக்குறிப்புகள் ஒரு மொழியைப் பற்றியவை. அம்மொழி, தமிழ் எழுத்தை எழுத்தாக ஏற்கின்றதா இல்லையா என்ற வினாவோடு தொடர்புடையவை.

எடுத்துக்கொள்ளும் மொழி பைதன். ஒல்லாந்தரான கீடோ வான் றொஸம் 1989 இறுதியில் தொடங்கி 1991 இல் வெளியிட்ட இம்மொழியின் மூலநிரல் யாவருக்கும் திறந்தது. எவரும் படிக்கலாம், பிரதி செய்யலாம், திருத்தம் முன்மொழியலாம். 2018 இல் அவர் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். 2019 முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவொன்று அதனை வழிநடத்துகின்றது. புதிய பதிப்புகளுக்கு இடையே வெளிவருவன பராமரிப்பு வெளியீடுகள். அவற்றுக்கு ஒரு விதி உண்டு: பிழைகளைத் திருத்தலாம், புதிய வசதி எதனையும் சேர்த்தலாகாது. ஒவ்வொரு திருத்தமும் ஓரிரு வாக்கியங்களிற் பதிவாகும். திருத்தியவரின் பெயரும் பல இடங்களில் உடன் நிற்கும்.

இத்தகைய பனுவல் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. வங்காலை முதலான மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்துமரபை அறிந்தோர் இதனை எளிதில் உணர்வர். கூத்துப் பாடம் ஊரின் பொதுச்சொத்து. அண்ணாவியார் கையிலுள்ள கொப்பி ஆட்டத்துக்கு ஆட்டம் சிறிது திருந்தும். நாவில் ஏறாத சொல் மாறும். ஆடுவோன் குரலுக்கேற்பத் தரு சுருங்கும். கதைப்போக்கு மட்டும் மாறாது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் என்றிக் எம்பரதோர் நாடகத்தை 1964 இலும் மூவிராசாக்கள் நாடகத்தை 1966 இலும் பதிப்பித்தபோது மன்னாரின் இம்மரபு அச்சுக்கு வந்தது. அது பெரும்பணி என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சுப் பாடம் உறைந்து நிற்பது. கொப்பி ஓயாது பராமரிக்கப்படுவது. கொப்பியைத் திருத்தியவனின் பெயர் பெரும்பாலும் மறைந்துபோயிற்று. பைதன் குறிப்பில் அது நிற்கின்றது. உழைப்புக்கு அளிக்கப்படும் இச்சிறு மதிப்பினை முற்போக்காளர் அலட்சியஞ் செய்தலாகாது.

ஆனால் எது பிழை, எது புதிய வசதி என்பதை வரையறுப்பவர் யார்? இங்கேதான் நடுநிலைபோலத் தோன்றும் விதி தன் சமூக முகத்தைக் காட்டுகின்றது.

2022 செப்டெம்பரில் வெளியான 3.10.7 என்ற பராமரிப்பு வெளியீட்டை நோக்குவோம். மிக நீண்ட பதின்மஎண் தொடரை எண்ணாக மாற்றும்போது, தொடரின் நீளம் இருமடங்கானால் கணினிக்குத் தேவைப்படும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தீய நோக்குடையோர் இலட்சக்கணக்கான இலக்கங்களை அனுப்பி ஒரு சேவைக்கணினியைத் திணறடிக்க முடியும். இதனைத் தடுக்க, 4300 இலக்கங்களுக்கு மேற்பட்ட மாற்றம் இயல்புநிலையில் மறுக்கப்படும் என்ற திருத்தம் புகுத்தப்பட்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மாத்திரம் பெற்றுவந்த 3.7, 3.8, 3.9 ஆகிய பழைய பதிப்புகளுக்கும் அதே மாதத்தில் இது கொண்டுசெல்லப்பட்டது. நேற்றுவரை ஓடிய நிரல் இன்று நின்றுபோகக்கூடும் என்று கணிதத்துறையினர் சிலர் மறுத்துரைத்தனர். திருத்தம் நியாயமற்றதென நாம் கூறவில்லை. தேவை வலுவாக இருப்பின் பராமரிப்பு வெளியீட்டிலேயே மொழியின் நடத்தையை மாற்றலாம் என்பது இதனால் நிறுவப்பட்டது என்றே கூறுகின்றோம்.

இதன் அருகில் வேறொன்றை வைத்துப் பார்ப்போம். பைதனில் ஒரு பனுவலைச் சொற்களாகப் பிரிப்பதற்குச் 'சொல்லெழுத்து' என்ற ஒரு குறியீடு உண்டு. அக்குறியீடு உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தின் பகுதியாகக் கொள்வதில்லை. 'வங்காலை' என்ற ஊர்ப்பெயரைக் கொடுத்தால் அது 'வங', 'க', 'ல' என மூன்று துண்டுகளைத் திருப்பித் தருகின்றது. தமிழ்ப் பிள்ளைக்கு அதில் நான்கு எழுத்துகள்: வ, ங், கா, லை. ஒருங்குறியிலோ ஏழு குறிகள். புள்ளியும் காலும் ஐகாரக் குறியும் அங்கே தனிக் குறிகள். பைதனின் சொல்லெழுத்து இவை மூன்றையும் வெளியே நிறுத்துகின்றது.

இதன் விளைவை ஆய்வாளர் எண்ணிப்பார்க்க வேண்டும். கடற்கரைப் பாடல்களைத் தொகுத்துச் சொல்லடைவு ஒன்றை இம்முறையில் ஆக்கினால் 'வலை'யும் 'வல', 'வலி'யும் 'வல', 'வலு'வும் 'வல'. மீனவனின் கருவியும் அவனது நோவும் அவனது பலமும் ஒரே வரிசையில் ஒன்றாக எண்ணப்படும். 'கூத்து' என்ற சொல் ஒரு ககரமும் இரண்டு தகரமுமாகச் சிதறும். புள்ளிவிவரத்தை நம்பி இலக்கிய நடை பற்றிப் பேசும் போக்கு வளர்ந்துவரும் இந்நாளில் இது அற்ப விடயமன்று.

இக்குறை பற்றிய முறைப்பாடு தேவநாகரி எழுத்தை முன்வைத்து 2007 இலேயே பதிவாயிற்று. ஒருங்குறி அமைப்பு வெளியிட்ட வழிகாட்டலும் இத்தகைய குறிகளைச் சொல்லெழுத்துடன் சேர்க்கும்படி பரிந்துரைக்கின்றது. பேர்ள் மொழி அவ்வாறே செய்கின்றது. பைதனிலோ அம்முறைப்பாடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்வின்றித் திறந்து கிடந்தது. அதற்கிடையே பராமரிப்பு வெளியீடுகள் எத்தனையோ வந்து போயின.

முரண்பாடு இதனோடு நிற்கவில்லை. அதே 2007 இல் ஏற்கப்பட்ட வேறொரு முன்மொழிவின்படி, 2008 டிசம்பரில் வெளியான பைதன் 3.0 பிறமொழி எழுத்துகளாலும் மாறிகளுக்குப் பெயரிட இடமளித்தது. அங்கே 'வங்காலை' ஒரே பெயர். புள்ளி, கால், ஐகாரக் குறி யாவும் பெயரின் உறுப்புகளாக ஏற்கப்படுகின்றன. ஒரே மொழியின் ஒரு வாயிலில் முழுப் பெயராக நுழையும் சொல், மறு வாயிலில் மூன்று துண்டுகளாக வெளியேறுகின்றது. எனவே இது தொழில்நுட்ப இயலாமை அன்று. எந்தத் தேவையின் பின்னால் எத்தகைய பலம் நின்றது என்பதே வேறுபாடு. எண் தொடரின் ஆபத்து சேவைக்கணினிகளை நடத்தும் நிறுவனங்களைத் தாக்கியது. எழுத்துச் சிதைவு தமிழையும் இந்தியையும் வாசிப்போரைத் தாக்கியது. இதில் சதியெதனையும் நாம் காணவில்லை. பைதனைப் பேணுவோரிற் பலர் ஊதியமின்றி உழைப்போர். ஆனால் தனிமனிதரின் நல்லெண்ணம் உற்பத்தி உறவுகளை மாற்றிவிடாது.

உரிமையைப் புதிய சலுகையாகப் பெயர்மாற்றும் முறையும் நமக்குப் புதிதன்று. 1956 இன் தனிச்சிங்களச் சட்டத்தால் நேர்ந்த குறை, 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தில் தமிழும் அரசகரும மொழியாகும் என்ற வாசகத்தால் சட்டத்தில் திருத்தப்பட்டது. அலுவலகத்துக்கு வரும் படிவத்தில் அது இன்றும் முழுமையாகத் திருந்தவில்லை. திருத்தம் பதிவாவதற்கும் நடைமுறைக்கு வருவதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஈழத்தமிழருக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இந்நிலையில் தமிழிலேயே நிரல்மொழி வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பே. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் அதன் குறிப்பிடத்தக்க வெளிப்பாடு. அதுவும் திறந்த மூலநிரல் உடையது. அதன் தொடரமைப்பு விமர்சகனின் பாராட்டுக்குரியது. ஆங்கிலவழி மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னே வரும். எழிலில் நிபந்தனை முதலிலும் 'ஆனால்' பின்னரும் வருகின்றன. 'மழை பெய்தால்' என்று வினையின் ஈற்றில் நிபந்தனையை வைக்கும் தமிழ் மரபு அங்கே மதிக்கப்பட்டுள்ளது. 'பதிப்பி', 'முடி' என்பன ஏவல்வினைகளாக நிற்பதும் பொருத்தமே. சொற்களைப் பெயர்த்து வைத்ததோடு அமையாது, தொடரின் வரிசையையும் சிந்தித்த முயற்சி இது.

எனினும் எழில் பைதனின் மீது எழுப்பப்பட்டது. அடித்தளம், மேற்கட்டுமானம் என்ற நமது சொற்களை இங்கே விளையாட்டாகவே கையாள்கின்றோம், ஆயினும் அவை முற்றாகப் பொருந்தாமலும் இல்லை. கீழுள்ள மொழியில் எழுத்து சிதையுமாயின் மேலுள்ள மொழி தனக்கென வேறு வழி வகுத்தாக வேண்டும். தமிழ்ச் சொல்லைத் தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு அத்தகைய வழிகளில் ஒன்று. அது பயனுடையது, நமது ஆய்வு மாணவர் அதனைக் கையாளப் பழகவேண்டும். ஆனால் தனி வழியொன்றை அமைத்துக்கொண்டு பொதுவழியின் பழுதை மறந்துவிடுவது வேறு விடயம். 'எமக்கென எமது மொழி இருக்கின்றது' என்ற பெருமிதம் பல வேளைகளில் அம்மறதிக்கே துணைபோகின்றது.

பொதுவழியைத் திருத்தத் தடை எதுவுமில்லை. மூலநிரல் திறந்தே கிடக்கின்றது. திருத்தத்துடன் ஒரு சோதனைச் சொல்லையும் இணைக்கவேண்டும் என்பது அங்குள்ள வழக்கம்: இச்சொல்லைக் கொடுத்தால் இவ்விடை வரவேண்டும் என்று. 'வங்காலை' என்று கொடுத்து ஒரே சொல்லைப் பெறவேண்டும் எனும் சோதனையை எழுதச் சில வரிகள் போதும். அது ஏற்கப்படுவதற்கான விவாதத்தை நடத்தவோ ஆண்டுகள் வேண்டும், இலக்கணமும் நிரலாக்கமும் அறிந்தோர் வேண்டும். நமது பல்கலைக்கழகங்கள் அவ்வுழைப்பை உழைப்பாகக் கணிப்பதில்லை. புள்ளியெழுத்தைப் பற்றி எழுதும் கட்டுரை பதவியுயர்வுக்கு உதவும். புள்ளியைப் புள்ளியாக ஏற்கவைக்கும் திருத்தம் எந்தப் பத்தியிலும் இடம்பெறாது. தமிழ்த்துறைகளின் ஆய்வுக்குழுக்கள் இதனைத் தமது அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ளலாம்.