சேர் பொன்னம்பலம் அருணாசலமும் மலைநாட்டுத் தொழிலாளரும்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) அவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அரசியற் சீர்திருத்தத்தோடு நின்றுவிடுகின்றனர். கேம்பிரிட்சிற் கற்றமை, 1875இல் சிவில் சேவையிற் சேர்ந்தமை, 1917இல் இலங்கைச் சீர்திருத்தக் கழகத்தைத் தோற்றுவித்தமை, 1919 டிசம்பரில் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற் தலைவரானமை ஆகியவை யாவரும் அறிந்தவையே. அரநாயக்க முதலிய சபரகமுவைத் தோட்டப் பகுதிகளிலிருந்து நோக்குவோர்க்கு அவர்தம் பணியின் பிறிதொரு பக்கமே முதன்மையாகத் தோன்றும்.

அக்காலத் தோட்டத் தொழிலாளி இருவகைத் தளைகளாற் பிணிக்கப்பட்டிருந்தான். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாது வேலையைவிட்டு நீங்குதலும் குற்றமாகும். அதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. உடன்படிக்கையை மீறுதல் தோட்டத்திலே குற்றவியல் வழக்காயிற்று. மற்றைய தளை 'துண்டு' என்பது. தொழிலாளியின் கடன் இவ்வளவு, அதனைத் தீர்ப்பின் விடுவிப்போம் எனத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கடனைப் புதிய தோட்டம் ஏற்கும். ஆளும் கடனோடு கைமாறுவான். கங்காணிக்கு அது வாணிகம். தொழிலாளிக்கோ தீராக் கடன். மலைச்சரிவுகளிலே, சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடந்த சிறு தோட்டங்களில் ஒருவனுடைய முறையீடு எவர் செவிக்கு எட்டும்?

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியவர் அருணாசலமே. தோட்டங்களில் வாழ்ந்த 4 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அக்கணக்கில் இடம்பெற்றனர். அம்மக்களை எண்ணாக மட்டும் கண்டு அமையாது, ஓய்வு பெற்றபின் 1919இல் தொழிலாளர் நலவுரிமைக் கழகத்தை நிறுவினார். பெரி. சுந்தரம் அவர்கள் அதன் செயலாளராய் உழைத்தார். 1921இல் துண்டு முறை ஒழிந்தது; சிறைத் தண்டனை விதிகளும் அக்காலத்தை ஒட்டியே நீங்கின. இவ்வெற்றி முழுவதையும் அவர்க்கே உரியதாக்குதல் பொருந்தாது. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் அதிற் பெரும் பங்குடையது. ஆயினும் இலங்கைத் தலைவர் பலர் வாளாவிருந்த காலத்தில் அதனைப் பொதுவினாவாக்கியவர் அவரே.

குறையையும் கூறல் வேண்டும். 1921இல் அவர் காங்கிரசை விட்டு விலகியது எதன் பொருட்டு? மேல் மாகாணத் தமிழருக்கு வாக்களிக்கப்பட்டிருந்த ஓர் ஆசனத்தின் பொருட்டு. வாக்குறுதி மீறப்பட்டமை உண்மையே. அவர் கொண்ட சினமும் நியாயமானதே. ஆனால் அன்று பேசப்பட்ட 'தமிழர் பிரதிநிதித்துவம்' என்பதனுள் தேயிலைக் கொழுந்து பறித்தவளுக்கு இடமில்லை. கற்றோரும் சொத்துடையோரும் பங்கிட்டுக்கொண்ட அரசியல் அது. தொழிலாளியைச் சிறையினின்று மீட்க முன்னின்றவர், அவனைத் தம்மோடு சபையில் அமரத்தக்க குடிமகனாகவும் கருதினாரா என்பதே இங்கு எழும் வினா. அவர்தம் அரசியற் போராட்டங்களில் அதற்கு விடையாவதொன்றும் காணப்படவில்லை.

1924 சனவரியில், மதுரையில் அவர் காலமானார். அவ்வாண்டே சட்டநிரூபண சபையில் இந்தியருக்கு இரண்டு ஆசனங்கள் வழங்கப்பட்டன. மறு ஆண்டு கோ. நடேசய்யர் அவற்றுள் ஒன்றைப் பெற்று, தொழிலாளர் குறைகளைச் சபையிலே நேரே எடுத்துரைக்கத் தொடங்கினார்.