கட்டுக்கடங்கா ஆற்றல்

அளவிறந்த ஆற்றல் பெற்றவன் அதனாலேயே அழிவது நம் புராணங்களுக்குப் புதிதன்று. பஸ்மாசுரன் வரம் தந்த சிவபெருமானையே துரத்தினான். மோகினியாய் வந்த திருமால், அவன் கையை அவன் தலைமீதே வைக்கச் செய்து அழித்தார். அங்கே ஆற்றலுக்கு அணை வெளியிலிருந்து வருகிறது.

ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் 1897-இல் வெளியிட்ட 'கண்ணுக்குப் புலப்படாத மனிதன்' என்னும் அறிவியல் புதினத்தில் காக்க வரும் கடவுள் இல்லை. கிரிஃபின் என்னும் ஆராய்ச்சியாளன் தன் உடலை மறைக்கும் வழியைக் கண்டான். மீளும் வழியைக் கண்டானில்லை. சக்கர வியூகத்துள் புகுந்த அபிமன்யுவின் நிலை அது. ஆனால், அபிமன்யு பிறருக்காகப் புகுந்தான். இவனோ தனக்காகவே புகுந்தான்.

ஆடை அணிந்தால் ஆடை தெரியும். களைந்தால் குளிர் வாட்டும். உண்ட உணவு செரிக்கும்வரை வெளியே தெரியும். வல்லமையைவிட அதன் இடர்களைக் காட்டுவதிலேயே வெல்ஸின் கலைத்திறன் விளங்குகிறது.

ஆற்றலே அவனைக் கெடுத்தது என்பாரும் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. மறைவதற்கு முன்பே தந்தையிடமிருந்த பிறர் பணத்தை அவன் திருடினான். அதனால் தந்தை தம்மையே மாய்த்துக்கொண்டபோதும் வருந்தவில்லை. உலகின் பார்வைக்கு அஞ்சி அடங்கியிருந்த தீமை, அப்பார்வை நீங்கியதும் கட்டவிழ்ந்தது. ஓர் ஊரையே அச்சத்தால் ஆளத் துணிந்தது. ஊரார் அடித்துக் கொன்ற பின்னரே அவன் உடல் கண்ணுக்குப் புலனாகிறது.

இத்தகைய கதைகளை விரும்பிப் படிக்கும் நம் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம்: நாயகனின் வலிமை எவ்வளவு என்று வியப்பதோடு நில்லாமல், யாரும் காணாதபோது அவ்வலிமையை அடக்குவது எது என்றும் கேளுங்கள்.