மூவர் நிற்கும் களம்

கபடியில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம், ஒரு பக்கத்தில் மூன்றே பேர் மிஞ்சி நிற்கும் கட்டம். முன்பெல்லாம் அந்த மூவரும் லோனாவுக்கு, அதாவது முழு அணியும் அவுட்டாவதற்கு, காத்திருப்பவர்கள். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் பரவலாக்கிய சூப்பர் டேக்கிள் அவர்களை வேட்டைக்காரர்களாக்கிவிட்டது. மூவரோ அதற்கும் குறைவானவரோ நின்று ரெய்டரைப் பிடித்தால் இரண்டு புள்ளி.

அந்தப் பிடியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். ஓரத்தில் நிற்பவர் ரெய்டரின் முகத்தைப் பார்ப்பதில்லை, பின்னங்காலையே பார்க்கிறார். முன்கால் நீண்டு, உடல் எடை அதன்மேல் சாயும் கணத்தில் பாய்ந்து, இரு கைகளையும் கணுக்காலில் பூட்டுகிறார். கவரில் நிற்பவர் உடனே இடுப்பில் விழவேண்டும். தாமதித்தால் ரெய்டரின் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டுவிடும். நாற்பதைக் கடந்த வயதில், 2016இல் பாட்னா அணிக்குத் தலைமையேற்றுக் கோப்பை வென்ற தஞ்சாவூர்க்காரர் தர்மராஜ் சேரலாதனின் ஆட்டத்தில் இந்த நிதானத்தைப் படிக்கலாம்.

‘டூ ஆர் டை’ விதியும் நல்ல விதிதான். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தாக வேண்டும், இல்லையேல் ரெய்டர் அவுட். முன்னணியில் இருப்பவர்கள் கோட்டோரம் நடந்து நேரத்தைக் கடத்தும் சலிப்பு அதோடு ஒழிந்தது.

முப்பது விநாடிக் கடிகாரத்தை மட்டும் என்னால் முழுமனதாக ஏற்க முடியவில்லை. மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டத் திடல்களில் ரெய்டுக்கு அளவு மூச்சுதான். ‘கபடி கபடி’ என்ற பாட்டு தளரும் இடத்தைக் காதால் கேட்டே பிடிப்பவர்கள் நெருங்குவார்கள். பாட்டு இன்றும் விதியில் இருக்கிறது. ஆனால் பெரிய அரங்குகளில் அது முணுமுணுப்பாகச் சுருங்கிவிட்டது. கபடிக்கு இது பெரிய இழப்பு.

விதியை மாற்றினால் எல்லோருக்கும் ஒன்றாக மாற்ற வேண்டும். 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியாட்டம் முடியும் தறுவாயில் இந்தியாவும் ஈரானும் 28-28. இந்திய ரெய்டர் பவன் செராவத் யாரையும் தொடாமல், தொட்ட பிறகே நுழையக்கூடிய பக்கவாட்டுப் பட்டையான லாபிக்குள் போக, ஈரான் வீரர்களும் அவர் பின்னால் போனார்கள். பழைய விதிப்படி உள்ளே போன எல்லோரும் அவுட். புதிய விதிப்படி ரெய்டர் மட்டும். எந்த விதி என்ற வாக்குவாதத்தில் ஆட்டம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்றது. இந்தியா 33-29 என வென்றது. அத்தனை அருமையான ஆட்டம் மேசையில் தீர்மானிக்கப்பட்டதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

2019இல் உலகக் கிண்ணக் கபடியை நடத்திய ஊர் நம் மலாக்கா. இங்கே பொங்கல் போட்டி நடத்தும் கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: சூப்பர் டேக்கிளைத் தயங்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள். லாபி விதி எது என்பதை முதல் விசிலுக்கு முன்பே இரு அணிக்கும் சொல்லிவிடுங்கள். பாட்டு நடுவர் காதில் விழாவிட்டால், கடிகாரம் என்ன காட்டினாலும் ரெய்டரை வெளியே அனுப்புங்கள்.