திருமதி சட்டர்ஜியும் தூதரகம் இல்லாத தாய்மாரும்

'மிஸஸ் சட்டர்ஜி வெர்சஸ் நோர்வே' (2023, இயக்கம்: ஆஷிமா சிப்பர்) படத்தை ஒஸ்லோவில் நம்மவர் சிலருடன் சேர்ந்து பார்த்தேன். ராணி முகர்ஜி அழ, பார்த்தவர்களும் அழுதார்கள். நானும் கலங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும் அந்தக் கண்ணீர் எதை மறைத்தது என்பதே என் கேள்வி.

ஸ்தவாங்கரில் 2011இல் சாகரிகா சக்கரவர்த்தியின் இரு பிள்ளைகளைச் சிறுவர் பாதுகாப்புச் சேவை, அதாவது நம்மவர் அச்சத்தோடு உச்சரிக்கும் 'பார்னவார்ண', எடுத்துச் சென்றது. இந்திய அரசு தலையிட்டது. 2012 ஏப்ரலில் பிள்ளைகள் ஒப்படைக்கப்பட்டது தாயிடமல்ல, தந்தையின் சகோதரரிடம். பின்னர் மேற்கு வங்கத்தின் பர்த்வான் சிறுவர் நலக்குழு தாய்க்குச் சார்பாகத் தீர்மானித்தது. அதுவும் நடைமுறைக்கு வராதபோதுதான் அவர் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை நாடினார். 2013 ஜனவரியில் பிள்ளைகள் அவருக்குக் கிடைத்தார்கள். கீழுள்ளோர் கடமையைச் செய்யாவிடின், செய்யுமாறு பணிக்கும் பேராணை அதிகாரம் இந்திய உயர் நீதிமன்றங்களுக்கு அரசியலமைப்பின் 226ஆம் உறுப்புரையால் உண்டு. விவகாரத்தின் உயிர் இந்த வறண்ட இடத்தில்தான் இருக்கிறது. படமோ அதைத் தாய்மைக்கும் ஒரு நாட்டுக்குமான சண்டையாக ஊதிப் பெருப்பிக்கிறது.

அகதியாக வந்த தாய்க்குத் தூதரகம் ஏது? எந்த அரசிடமிருந்து தப்பி வந்தாளோ அதன் வாசலிலா போய் நிற்பாள்? அவளுக்குள்ள வழி நீண்டது. முதலில் நீதிமன்றத்தை ஒத்த ஒரு சபை, பிறகு மாவட்ட நீதிமன்றம். மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி தந்தாலன்றி வழக்கை எடுக்காது. அதற்கப்பால் உச்ச நீதிமன்றம், இறுதியில் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம்.

அங்கு வென்றவர்கள் இருக்கிறார்கள். ஸ்ட்ராண்ட் லொபன் வழக்கில் 17 நீதியரசர்களின் பேரமர்வு 2019 செப்டெம்பர் 10இல், 13க்கு 4 என்ற வகையில், நோர்வே குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறியதாகத் தீர்ப்பளித்தது. பிறந்து சில வாரங்களில், 2008இல், பிரிக்கப்பட்ட பிள்ளைக்கு அப்போது பதினொரு வயதாகிக்கொண்டிருந்தது. சோமாலியத் தாயொருவரின் அப்டி இப்ராஹிம் வழக்கில் 2021 டிசெம்பர் 10இல் அதே மீறல் ஏகமனதாகக் காணப்பட்டது. 2010இலேயே அவரது மகன் கிறிஸ்தவ வளர்ப்புக் குடும்பமொன்றிடம் கொடுக்கப்பட்டிருந்தான். மகன் அங்கே ஒட்டிவிட்டான் என்பதால் நோர்வே மேன்முறையீட்டு நீதிமன்றத்திலேயே அவர் அவனைத் திருப்பிக் கேட்கவில்லை. தத்துக் கொடுத்து வேரை அறுக்காதீர்கள் என்று மட்டுமே கேட்டார். அத்தகையதொரு தாய்க்கு இந்தப் படத்தில் இடமில்லை.

ஸ்ட்ராஸ்பேர்க் வீண் என்று நான் சொல்லவில்லை. 2020 மார்ச்சில் நோர்வே உச்ச நீதிமன்றம் மூன்று தீர்ப்புகளில், குடும்பத்தை மீளச் சேர்க்கும் நோக்கத்தை எளிதில் கைவிடலாகாது என்று வலியுறுத்தியது. பின்வரும் தாய்மாருக்கு அது உதவும்.

படம் முடிந்தபின் 'கையால் சோறு தீத்தினால் பிள்ளையைத் தூக்கிவிடுவார்கள்' என்பதே பேச்சாயிற்று. பிள்ளைக்கு அடிப்பது 1987 முதல் இங்கு சட்டவிரோதம் என்பதை ஒருவரும் கதைக்கவில்லை. முதற் சபையிலேயே பெற்றோருக்கு அரச செலவில் வழக்கறிஞர் உண்டு என்பதையும்தான். அந்த அறையில் தாய் சொன்னதில் மொழிபெயர்ப்பாளர் எதைச் சொன்னார், எதை விட்டார் என்று யாராவது படமெடுத்தால், அதைப் பார்க்க நான் முதலாளாகப் போவேன்.